ஐஎல்-4 ஏற்பிக்கு எதிராக மூன்று ஆன்டிசென்ஸ் ஒலிகோக்கள்: ஏ549 செல்களில் ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று ஒலிகோக்கள். ஒலிகோ என்பது குறிப்பிட்ட ஓர் எம்ஆர்என்ஏவோடு (மரபணுவின் செய்தியைப் புரதத் தயாரிப்புக்குக் கொண்டுபோகும் நகல்) பொருந்தி அதை அழிக்கவைக்கும் சிறு செயற்கை டிஎன்ஏ இழை; இந்த வழிக்கு ஆன்டிசென்ஸ் என்று பெயர். மூன்றுக்கும் இலக்கு ஒன்றே: ஐஎல்-4 என்ற சைட்டோகைனின் (செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதம்) ஏற்பியில் உள்ள ஆல்பா சங்கிலி. ஏ549 நுரையீரல் எபிதீலிய செல்களில் ஒலிகோவைப் போட்டு, பிறகு ஐஎல்-4 கொடுத்து, 48 மணி நேரம் கழித்து மீடியத்தில் (செல் வளரும் திரவம்) சேர்ந்த சிசிஎல்26 (ஐஎல்-4 சைகைக்குப் பதிலாகச் செல் வெளியிடும் புரதம்) எவ்வளவு என்று எலைசாவில் (ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் முறை) பார்த்தாயிற்று. ஒலிகோ போடாத குழியை (வளர்ப்புத் தட்டின் ஒரு பள்ளம்) 100 என்று வைத்தால் 'அ' போட்ட குழி 25, 'ஆ' 90, 'இ' 20. இந்த ஒரு பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் 'இ', 'அ' இரண்டும் அடுத்த கட்டத்துக்குப் போகும். 'ஆ' ஃப்ரீசரின் மூலைக்குப் போகும். ஆனால் ஏற்பியை உண்மையிலேயே அடக்கியது 'ஆ' மட்டும்தான்.

இது எப்படி நடக்கிறது, எந்தச் சோதனை எதைப் பிரித்துக் காட்டியது என்பதே இந்த ஆய்வு. களம், புதுச்சேரியில் உள்ளது போன்ற ஒரு சிறிய செல் வளர்ப்புக் கூடம். இது எந்த ஒரு கூடத்தின் பதிவேட்டையும் பார்த்து எழுதியதல்ல. இத்தகைய சோதனைகளில் வழக்கமாகத் தலைகாட்டும் சிக்கல்களை ஒரே நிகழ்வாகக் கோத்திருக்கிறோம். முடிவு எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. செய்முறை அளவுகளை அப்படியே பின்பற்றலாம்.

இலக்கும் செல்லும்

ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டும் ஒவ்வாமை, ஆஸ்துமா, புழுத்தொற்று ஆகியவற்றில் முன்னால் நிற்கும் சைட்டோகைன்கள். யானைக்கால் புழு ஆராய்ச்சிக்கு 1975 முதலே வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கும் ஊரில் இந்தப் பெயர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. எபிதீலிய செல்லில் ஐஎல்-4 முதலில் ஆல்பா சங்கிலியைப் பிடிக்கிறது; பிறகு ஐஎல்-13 ஆர் ஆல்பா1 சங்கிலி வந்து சேர்கிறது. ஐஎல்-13க்கு இந்த வரிசை தலைகீழ்: முதலில் ஐஎல்-13 ஆர் ஆல்பா1, அடுத்து ஐஎல்-4 ஆர் ஆல்பா. எப்படிப் போனாலும் ஆல்பா சங்கிலி இல்லாமல் இரண்டுமே ஊமை. அதனால்தான் அந்த ஒரே சங்கிலியைப் பிடிக்கும் டூபிலுமாப் என்ற ஆன்டிபாடி (அமெரிக்காவில் 2017இல் அனுமதி) இரண்டு சைட்டோகைன்களையும் சேர்த்துத் தடுக்கிறது.

ஆன்டிபாடி ஏற்பியின் வாயை அடைக்கிறது. ஆன்டிசென்ஸ் ஏற்பி உருவாகாமலேயே தடுக்கப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டை மறந்த இடத்திலிருந்துதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

ஏ549 செல்லைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் எளிமையானவை. தட்டில் ஒட்டி வளரும். ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவான நேரத்தில் இரட்டிக்கும். ஐஎல்-4 கொடுத்தால், ஏற்பியின் சைகையைக் கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்6 புரதம் 641ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறி விழித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நாளில் சிசிஎல்26 மீடியத்துக்கு வரும். ஆக, எம்ஆர்என்ஏ, செல் மேற்பரப்பில் ஏற்பி, உள்ளே ஸ்டாட்6, வெளியே சிசிஎல்26 என்று நான்கு படிகளையும் ஒரே செல்லில் அளக்க முடியும். ஆன்டிசென்ஸ் வேலை செய்தது என்று சொல்ல வேண்டுமானால் நான்கும் அந்த வரிசையிலேயே, அதற்குரிய கால இடைவெளியோடு குறைய வேண்டும். கடைசிப் படி மட்டும் குறைந்தால் அதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம்.

மூன்று ஒலிகோக்களின் அமைப்பு

'அ' பழைய பாணி: 20 காரங்கள் (ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள்), முழுவதும் டிஎன்ஏ, எல்லா இணைப்புகளும் பாஸ்போரோதையோயேட். பாஸ்பேட்டில் ஓர் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகம் இருப்பதால் நியூக்ளியேஸ்களால் (டிஎன்ஏ, ஆர்என்ஏவை வெட்டும் நொதிகள்) எளிதில் கடிக்க முடியாது. 'ஆ', 'இ' இரண்டும் 16 காரங்கள் கொண்ட கேப்மர்: இரு முனையிலும் மும்மூன்று எல்என்ஏ (சர்க்கரை வளையம் பூட்டப்பட்ட செயற்கை நியூக்ளியோடைடு), நடுவில் பத்து டிஎன்ஏ, இணைப்புகள் முழுவதும் பாஸ்போரோதையோயேட். நடுவில் உள்ள பத்து டிஎன்ஏ இலக்கு எம்ஆர்என்ஏவோடு சேரும்போது ஆர்என்ஏஸ் ஹெச்1 நொதி அந்த ஆர்என்ஏவை வெட்டுகிறது. முனையில் உள்ள எல்என்ஏ பிடிப்பை இறுக்குகிறது. நடு இடைவெளியிலும் எல்என்ஏவைச் செருகிவிட்டால் ஒலிகோ நன்றாக ஒட்டும், ஆனால் வெட்டு விழாது.

வரிசையைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை: நான்கு ஜி தொடர்ச்சியாக வரும் இடம், தனக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும் வரிசை, சிஜி சோடி (நோயெதிர்ப்புச் செல்களில் டிஎல்ஆர்9 என்ற ஏற்பியைத் தட்டி எழுப்பும்), மற்ற மனித ஆர்என்ஏக்களோடு ஒன்றிரண்டு கார வித்தியாசத்தில் பொருந்துவது. கடைசியாகச் சொன்னதைத் தேடும்போது முதிர்ந்த எம்ஆர்என்ஏவோடு மட்டும் நிறுத்தக் கூடாது. ஆர்என்ஏஸ் ஹெச்1 கருவுக்குள்ளும் வேலை செய்யும். ஆகவே இன்ட்ரான்களையும் (எம்ஆர்என்ஏ முதிரும்போது வெட்டி நீக்கப்படும் பகுதிகள்) சேர்த்துத் தேட வேண்டும். 'அ'வில் நான்கு ஜி இருந்தது. 'இ'யில் இன்ட்ரான் தேடலே நடக்கவில்லை. இரண்டும் பின்னால் வட்டியோடு திரும்பி வந்தன.

கன்ட்ரோல்கள்: ஒவ்வொரு ஒலிகோவுக்கும் அதே வேதியமைப்பில், அதே கார எண்ணிக்கையில், நான்கு இடம் பொருந்தாத ஒரு வரிசை, காரங்களைக் குலைத்துப் போட்ட ஒன்று, ஒலிகோ இல்லாமல் லிப்பிட் (ஒலிகோவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் கொழுப்பு) மட்டும், எதுவும் போடாத குழி. இவற்றோடு ஐஎல்-4 ஆர் ஆல்பாவைத் தடுக்கும் ஆன்டிபாடி ஒன்றும், ரக்ஸோலிட்டினிப் (ஏற்பிக்குக் கீழே உள்ள ஜேக் நொதிகளைத் தடுக்கும் மருந்து) 1 மைக்ரோமோலாரும். இவை இரண்டும் 'தடுத்தால் எப்படி இருக்கும்' என்பதைக் காட்டும் நேர்க் கன்ட்ரோல்கள். எல்என்ஏ கன்ட்ரோல் விலை அதிகம் என்று சாதாரண டிஎன்ஏ ஒலிகோவைக் கன்ட்ரோலாக வைக்கும் வழக்கம் உண்டு. அந்தச் செலவுக்கு மனம் வராத கூடம் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. வேதியமைப்பு வேறானால் அது கன்ட்ரோலே அல்ல.

பொடியிலிருந்து கரைசல் வரை

ஒலிகோ உலர்ந்த பொடியாக, சாதாரண வெப்பநிலையிலேயே கூரியரில் வரும். அதற்கு எதுவும் ஆகாது. குப்பியைத் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். பொடி மூடியில் ஒட்டியிருந்தால் திறந்த நொடியில் பறந்துவிடும்.

எடை போட்டுச் செறிவு கணக்கிடுவது கடலோர ஊரில் ஆகாத காரியம். சோடியம் உப்பாக வரும் ஒலிகோ ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் குப்பியைத் திறந்து தராசில் வைக்கும் நேரத்துக்குள்ளேயே எடை ஏறிக்கொண்டிருக்கும். 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதலை வைத்து அளப்பதே சரி. 16 கார எல்என்ஏ கேப்மரின் மூலக்கூறு எடை சுமார் 5,300. 100 நானோமோல் பொடியில் 1 மி.லி. டிரிஸ்-ஈடிடிஏ கரைசல் (10 மில்லிமோலார் டிரிஸ், 0.1 மில்லிமோலார் ஈடிடிஏ, பிஹெச் 8) ஊற்றினால் 100 மைக்ரோமோலார், அதாவது மி.லி.க்கு 0.53 மி.கி. ஒற்றை இழை ஒலிகோவுக்கு ஓர் உறிஞ்சல் அலகு தோராயமாக 33 மைக்ரோகிராம் என்று கொண்டால், 50 மடங்கு நீர்த்த கரைசல் 0.32 அளவு காட்ட வேண்டும். 0.25 காட்டினால் கரைசல் 78 மைக்ரோமோலார்தான். லேபிளில் அதையே எழுத வேண்டும். தயாரிப்பாளர் தரும் உறிஞ்சல் குணகம் கையில் இருந்தால் 33ஐ விட அதுவே மேல். மூன்று ஒலிகோக்களையும் ஒரே அளவில் ஒப்பிடுகிறோம் என்று நம்பிக்கொண்டு, ஒன்றை 100இலும் இன்னொன்றை 70இலும் போட்ட முடிவுகள் எவ்வளவோ உண்டு.

ஐஎல்-4 புரதத்தின் கதை இதற்கு நேர்மாறு. அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். 10 மைக்ரோகிராம் குப்பியில் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்தின் ஆல்புமின் புரதம்) கலந்த பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) 100 மைக்ரோலிட்டர் விட்டு, 5 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து உறைய வைக்க வேண்டும். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. பிஎஸ்ஏ இல்லாமல் குறைந்த செறிவுக்கு நீர்த்தால் புரதம் குழாயின் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், மி.லி.க்கு 0.1 நானோகிராம் போட்டதாக நினைத்த குழிக்கு அதில் பாதிகூடப் போயிருக்காது.

முதல் சுற்று: எங்கே சறுக்கியது

லிப்பிட் இல்லாமல், ஒலிகோவை நேரடியாக மீடியத்தில் 5 மைக்ரோமோலார் கலந்து 48 மணி நேரம் விட்டார்கள். எல்என்ஏ கேப்மர்கள் இப்படித் தாமாகவே செல்லுக்குள் போகக்கூடியவை, முறையில் தவறில்லை. பிறகு மீடியத்தை மாற்றாமல் அதே குழியில் மி.லி.க்கு 10 நானோகிராம் ஐஎல்-4 சேர்த்தார்கள். இன்னும் 48 மணி கழித்து எலைசா. அந்த முடிவுதான் மேலே சொன்ன 25, 90, 20. இந்த மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு வழியில் ஏமாற்றுகின்றன.

'அ' ஏன் 25?

எம்ஆர்என்ஏ அளந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒலிகோ போடாத செல்லில் ஆல்பா சங்கிலிக்குரிய ஐஎல்4ஆர் மரபணுவின் சிடி (பிசிஆரில் சைகை தெரிய எடுத்த சுற்று எண்; ஒன்று கூடினால் அளவு பாதி) 25.1, ஒப்பீட்டு மரபணுவின் சிடி 18.0, வித்தியாசம் 7.1. 'அ' போட்ட செல்லில் வித்தியாசம் 7.3. இரண்டுக்கும் இடையே 0.2, அதாவது எம்ஆர்என்ஏ இன்னும் 87 சதவீதம் இருக்கிறது. எம்ஆர்என்ஏ குறையாமல் ஏற்பியின் வேலை முக்கால் பங்கு குறைந்தால், அது ஆர்என்ஏஸ் ஹெச்1 செய்த வேலை அல்ல.

நான்கு ஜி சேர்ந்த ஒலிகோக்கள் ஒன்றோடொன்று கூடி நால்வடக் கட்டமைப்பாகும். பாஸ்போரோதையோயேட் சங்கிலியோ, ஹெபாரினைப் பிடிக்கும் புரதங்களையெல்லாம் தானும் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. இரண்டும் சேர்ந்தால் வரிசைக்குச் சம்பந்தமே இல்லாத விளைவுகள் வரும். இது புதிய செய்தியும் அல்ல. மென்தசைச் செல்களின் பெருக்கத்தைத் தடுத்த சி-மிப், சி-மிக் மரபணுக்களுக்கு எதிரான ஆன்டிசென்ஸ்கள் உண்மையில் ஆன்டிசென்ஸ் வழியில் வேலை செய்யவில்லை, நான்கு ஜிதான் காரணம் என்று 1995இலேயே காட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகும் அந்த நான்கு ஜி எங்காவது வரிசைக்குள் நுழைந்துகொண்டேதான் இருக்கிறது.

பிரித்துப் பார்க்க இரண்டு சோதனை போதும். ஒன்று, ஐஎல்-4 சேர்ப்பதற்கு வெறும் 15 நிமிடம் முன் 'அ'வைக் கலப்பது. எம்ஆர்என்ஏவோ ஏற்பியோ குறைய அந்த நேரம் எந்த வகையிலும் போதாது. அப்படியும் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்6 குறைந்தால், தடை செல்லுக்கு வெளியே நடக்கிறது. இரண்டு, 48 மணி நேரம் ஒலிகோவில் ஊறிய செல்லைச் சூடான பிபிஎஸ்ஸால் இருமுறை கழுவி, புது மீடியம் விட்டு, பிறகு ஐஎல்-4 கொடுப்பது. 'அ' முதல் சோதனையில் தடுத்தது, இரண்டாவதில் தடுக்கவில்லை. கழுவினால் போய்விடும் விளைவை ஆன்டிசென்ஸ் என்று சொல்ல முடியாது. 'அ' அதோடு முடிந்தது.

இந்த நிகழ்விலிருந்து ஒரு நடைமுறை மட்டும் நிலையாக எடுத்துக்கொள்ளலாம்: ஏற்பி சம்பந்தப்பட்ட எந்த ஆன்டிசென்ஸ் சோதனையிலும் சைட்டோகைன் சேர்ப்பதற்கு முன் மீடியத்தை மாற்றியே ஆக வேண்டும். செல்லுக்குள் இருக்கும் இலக்கு என்றால் மீடியத்தில் மிச்சம் இருக்கும் ஒலிகோவால் பெரிய தொல்லை இல்லை. ஏற்பியோ வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

'இ' ஏன் 20?

இங்கே எம்ஆர்என்ஏவும் 30 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. எல்லாம் பொருந்துவது போலத்தான் தோன்றும். ஆனால் தட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருந்தால் போதும்: செல்கள் உருண்டு, இடைவெளி விட்டு, சிலது மிதந்துகொண்டிருக்கும். செத்த செல்லை நிறமேற்றும் ட்ரிப்பான் ப்ளூவில் எண்ணினால் ஒலிகோ போடாத குழியில் இருப்பதில் 45 சதவீதம் செல்தான் மிச்சம். ஒரு குழிக்கு 20 என்ற சிசிஎல்26ஐ செல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு செல்லுக்கு 44. குறைவில் பெரும்பகுதி செல் செத்ததால் வந்தது.

மீதி 44ஐயும் நம்ப முடியாது. 'இ' கொடுத்த செல்லில் இன்டர்ஃபெரான் காமா என்ற வேறொரு சைட்டோகைனைக் கொடுத்து, அதன் சைகையைக் கொண்டுபோகும் ஸ்டாட்1இன் 701ஆம் டைரோசினைப் பார்த்தபோது அதுவும் பாதியாக இருந்தது. இன்டர்ஃபெரான் காமாவின் ஏற்பிக்கும் ஐஎல்-4 ஆர் ஆல்பாவுக்கும் சம்பந்தமில்லை. அது குறைந்தால் செல் மொத்தமாகத் தளர்ந்திருக்கிறது என்று பொருள். எல்என்ஏவின் இறுக்கமான பிடிப்பு வேறு மரபணுக்களின் நீண்ட முன்னோடி ஆர்என்ஏக்களையும் பிடித்து வெட்டவைப்பது தெரிந்த ஆபத்துதான். இன்ட்ரான் தேடலை விட்டதன் விலை இங்கே வந்தது.

செல் எண்ணிக்கையால் வகுக்காத எலைசா எண்ணை ஏற்கக் கூடாது. மீடியத்தை எடுத்த பிறகு அதே குழியில் கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றியாவது அளந்துவிட வேண்டும். பத்து ரூபாய் வேலை. இன்டர்ஃபெரான் காமா கன்ட்ரோல் இல்லாத கட்டுரைகள் இன்னும் வருகின்றன என்பது வருத்தம்தான்.

'ஆ' ஏன் 90?

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

'ஆ' போட்ட செல்லில் சிடி 27.4, ஒப்பீட்டு மரபணு 18.1, வித்தியாசம் 9.3. ஒலிகோ போடாததோடு 2.2 வேறுபாடு, எம்ஆர்என்ஏ 22 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. செல் எண்ணிக்கை குறையவில்லை. நான்கு காரம் மாறிய கன்ட்ரோலில் 96 சதவீதம். நல்ல ஒலிகோவுக்கான அடையாளம் எல்லாம் இருக்கிறது, சிசிஎல்26 மட்டும் அசையவில்லை.

முதல் காரணம் ஐஎல்-4 அளவு. மி.லி.க்கு 10 நானோகிராம் என்பது, 15,000 மூலக்கூறு எடையில், சுமார் 0.67 நானோமோலார். ஏற்பியின் பிடிப்பு பிக்கோமோலார் அளவில் இருக்கும்போது இது வெள்ளத்தில் விடுவது போல. மிச்சம் இருக்கும் கொஞ்சம் ஏற்பியும் முழுவதும் நிறைந்துவிடும். அதிலிருந்து எழும் சைகையே சிசிஎல்26 மரபணுவை முழுவீச்சில் இயக்கப் போதுமானது. தடுக்கும் ஆன்டிபாடியில் இந்தப் பிரச்சினை தெரியாது. அது ஏறக்குறைய எல்லா ஏற்பியையும் மூடிவிடும். ஆன்டிசென்ஸோ எப்போதும் ஒரு பங்கை மிச்சம் வைக்கும். ஆன்டிபாடிக்கு எழுதிய செய்முறையை அப்படியே ஆன்டிசென்ஸுக்கு எடுத்தால் நல்ல ஒலிகோவும் தோற்றுப்போகும்.

இரண்டாவது காரணம் இரட்டைச் சங்கிலி. ஐஎல்-13 ஆர் ஆல்பா1 எண்ணிக்கை ஆல்பாவை விடக் குறைவாக இருந்தால் கட்டுப்படுத்துவது அதுதான். ஆல்பா அதன் அளவுக்குக் கீழே இறங்கும் வரை வெளியே எதுவும் தெரியாது. எது குறைவு என்பது செல்லுக்குச் செல் மாறும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் முறை) இரண்டையும் அளந்துவிட்டுத்தான் இலக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது காரணம் காலம். எம்ஆர்என்ஏ போனாலும் ஏற்கெனவே மேற்பரப்பில் நிற்கும் ஏற்பி தன் ஆயுள் முடியும் வரை நிற்கும். செல் பிரிந்து பிரிந்து அது நீர்த்துப்போகவும் வேண்டும். 24 மணியில் எம்ஆர்என்ஏ அடிமட்டத்தில் இருக்கும்போது மேற்பரப்பு ஏற்பி முக்கால்வாசி அப்படியே இருக்கலாம். ஏற்பியை 72 மணியில் பார்க்க வேண்டும். 24 மணியில் பார்த்துவிட்டு 'எம்ஆர்என்ஏ குறைந்தது, புரதம் குறையவில்லை' என்று எழுதிக் கைவிட்ட ஒலிகோக்களில் எத்தனை நல்லவை இருந்தனவோ.

இரண்டாம் சுற்று

முதல் நாள்: 24 குழித் தட்டில் குழிக்கு 40,000 செல், 10 சதவீதம் சீரம் உள்ள மீடியத்தில், ஆன்டிபயாட்டிக் இல்லாமல். மறுநாள் பாதிப் பரப்பு நிரம்பியிருக்கும்போது பழைய மீடியத்தை எடுத்துவிட்டு 400 மைக்ரோலிட்டர் புது மீடியம். ஒரு குழாயில் 1 மைக்ரோமோலார் ஒலிகோ 15 மைக்ரோலிட்டரும் ஆப்டி-மெம் (சீரம் குறைந்த மீடியம்) 35 மைக்ரோலிட்டரும். இன்னொன்றில் லிப்போஃபெக்டமைன் 2000 என்ற லிப்பிட் ஒரு மைக்ரோலிட்டரும் ஆப்டி-மெம் 49 மைக்ரோலிட்டரும். ஐந்து நிமிடம் கழித்து இரண்டையும் கலந்து, 20 நிமிடம் வைத்து, 100 மைக்ரோலிட்டரையும் குழியில் சொட்டுச் சொட்டாக விட்டால் மொத்தம் 500 மைக்ரோலிட்டரில் 30 நானோமோலார்.

1, 3, 10, 30 நானோமோலார் என்று படிப்படியாகக் கொடுக்கும்போது ஒலிகோ குறையக் குறைய லிப்பிட்டோடு அதன் விகிதமும் மாறிவிடும். லிப்பிட் மிஞ்சி நச்சாகும். ஆகவே 10 நானோமோலார் குழிக்கு 'ஆ' 5 மைக்ரோலிட்டர், கன்ட்ரோல் ஒலிகோ 10 மைக்ரோலிட்டர் என்று மொத்த ஒலிகோவை 30இலேயே நிறுத்த வேண்டும். ஐந்து மணி நேரத்தில் மீடியத்தை மாற்றிவிடலாம்.

24 மணியில் சில குழிகளை ஆர்என்ஏவுக்கு எடுக்க வேண்டும். பிசிஆர் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ) எங்கே விழுகிறது என்பது முக்கியம். ஆர்என்ஏஸ் ஹெச்1 வெட்டிய பின் 3' பக்கத் துண்டு சிறிது நேரம் தங்கலாம். பாலி-டி பிரைமரால் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்தால், வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள பிரைமர் அந்தத் துண்டையும் முழு எம்ஆர்என்ஏ என்று எண்ணிவிடும். வெட்டும் இடத்தின் மேலேயே பிரைமர் விழுந்தாலோ, ஆர்என்ஏவோடு கூடவே வந்த ஒலிகோ பிசிஆரையே தடுத்துப் பொய்யான குறைவைக் காட்டும். பாஸ்போரோதையோயேட் என்பதால் டிஎன்ஏஸ் போட்டும் அது எளிதில் போகாது. வெட்டும் இடத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு பிரைமர் சோடி வைப்பதும், ஒலிகோ போடாத செல்லைக் கரைத்த பின் அந்தக் கரைசலில் ஒலிகோவைக் கலந்து பிசிஆர் வரை கொண்டுபோவதும் இதற்கு மருந்து. அந்தக் குழாயில் எம்ஆர்என்ஏ குறைந்தால் குறை பிசிஆரில் இருக்கிறது.

72 மணியில் மேற்பரப்பு ஏற்பி. செல்லைப் பிரிக்க ட்ரிப்சின் கூடாது. அது ஏற்பியின் வெளிப்பகுதியையும் சேர்த்து நறுக்கிவிடும். 2 மில்லிமோலார் ஈடிடிஏ அல்லது அக்யூட்டேஸ் என்ற மென்மையான நொதிக் கலவை. சிடி124 (ஆல்பா சங்கிலியின் இன்னொரு பெயர்) ஆன்டிபாடி, உடன் ஐசோடைப் கன்ட்ரோல் (செல்லில் எதையும் குறிவைக்காத, அதே வகை ஆன்டிபாடி). ஏ549இல் ஏற்பி ஏற்கெனவே குறைவு. பின்னணி ஒளிர்வைக் கழிக்காமல் விட்டால் கணக்கு தலைகீழாகும். ஒலிகோ போடாத செல் 640, 'ஆ' 345, ஐசோடைப் 180 என்று வைத்துக்கொள்வோம். கழிக்காமல் வகுத்தால் 54 சதவீதம். கழித்துவிட்டு வகுத்தால் 460க்கு 165, அதாவது 36 சதவீதம். இரண்டும் வேறு வேறு கதை.

அதே 72 மணியில் இன்னொரு தட்டு: நான்கு மணி நேரம் சீரம் இல்லாமல் வைத்து, ஐஎல்-4ஐ மி.லி.க்கு 0.03, 0.1, 0.3, 1, 3, 10 நானோகிராம் என்று கொடுத்து, 20 நிமிடத்தில் பனிக்கட்டி மேல் வைத்து, சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலாரும் சோடியம் ஃப்ளோரைடு 10 மில்லிமோலாரும் உள்ள கரைசலில் கரைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை மெம்பிரேனில் ஏற்றி ஆன்டிபாடியால் பார்ப்பது). மெம்பிரேனைத் தடுக்கப் பால்பொடி வேண்டாம். அதில் பாஸ்பேட் ஏறிய கேசின் இருக்கிறது. பிஎஸ்ஏ போதும்.

'ஆ' இப்போது தன் முகத்தைக் காட்டியது. பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்6, ஒலிகோ போடாததோடு ஒப்பிட்டால், 10 நானோகிராமில் 88 சதவீதம், 0.3இல் 46, 0.1இல் 35. வளைவு வலப்பக்கம் நகர்ந்தது, உச்சி கொஞ்சம்தான் தாழ்ந்தது. ஐஎல்-13 கொடுத்தபோதும் இறங்கியது. இன்டர்ஃபெரான் காமாவின் ஸ்டாட்1 அப்படியே நின்றது. 0.3 நானோகிராமில் 48 மணி சிசிஎல்26ஐ எடுத்தால் அதுவும் பாதிக்குக் கீழ். முதல் சுற்றில் 90 காட்டியதும் இதே ஒலிகோதான்.

மின்சாரம், ஈரம், அட்டவணை

ஒரு சுற்று ஆறு நாள் ஓடுகிறது. கடலூர், புதுச்சேரிக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறு நாள் தடையில்லா மின்சாரத்தை நம்பி அட்டவணை போடுவது தைரியம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் வந்ததும் இங்கே யாருக்கும் மறக்காது. மின்சாரம் போனால் எதைக் காப்பாற்றுவது என்ற வரிசை முன்பே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஒலிகோ குப்பிகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். அறை வெப்பத்தில் ஒரு வாரம் கிடந்தாலும் பாதகமில்லை. ஐஎல்-4, எடுத்து வைத்த ஆர்என்ஏ, பாஸ்பேட் பார்க்க வேண்டிய கரைசல்கள் ஆகியவற்றுக்குத்தான் உலர்பனியோ திரவ நைட்ரஜனோ. இன்குபேட்டரின் கதவைத் திறக்கக் கூடாது. ஒலிகோ போட்ட பிறகு இன்குபேட்டர் பல மணி நேரம் குளிர்ந்திருந்தால் செல் பிழைக்கும், ஆனால் அந்தச் சுற்றின் எண் பயன்படாது: செல் பிரிவது நின்றால் ஏற்பி நீர்த்துப்போவதும் நிற்கும், 72 மணி என்பது பொருளிழக்கும். அந்தத் தட்டை அளக்காமல் கொட்டிவிடுவதே நேர்மை.

மழைக்காலத்தில் பூஞ்சை தட்டில் வெளிப்படையாகத் தெரியும், மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா தெரியாது. சைட்டோகைன் பதிலையே மாற்றிவிடும் அது; மாதம் ஒருமுறை பிசிஆர் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

'ஆ'வுக்கு இன்னும் மிச்சம் இருப்பவை

ஒரே வரிசையை வைத்து வழக்கை முடிக்க முடியாது. அதே எம்ஆர்என்ஏவின் வேறொரு இடத்தைத் தாக்கும் இன்னொரு கேப்மரும் இதே நான்கு படிகளைக் காட்ட வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வரிசைகளாவது சலிக்க வேண்டியிருக்கும். கூடவே மீட்புச் சோதனை: 'ஆ' பிடிப்பது எம்ஆர்என்ஏவின் 3' முனையில் புரதமாக மாறாத பகுதியை என்பதால், அந்தப் பகுதி இல்லாத ஐஎல்4ஆர் சிடிஎன்ஏவைச் செல்லில் வைத்தால் 'ஆ' அதை வெட்ட முடியாது. அப்போது ஸ்டாட்6 மீண்டு வர வேண்டும். மீளாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அதையும் தாண்டினால் ஏ549ஐ விட்டுவிட்டு, காற்றும் திரவமும் சந்திக்கும் பரப்பில் வளர்த்த முதன்மை மூச்சுக்குழல் எபிதீலிய செல்களுக்குப் போக வேண்டும். அங்கே லிப்பிட் கிடையாது, சளி இருக்கும், செல் பெரும்பாலும் பிரியாது. ஆகவே ஏற்பி குறைய 72 மணி போதாது. ஒலிகோவை மேற்பக்கம் போடுவதா கீழ்ப்பக்கம் போடுவதா என்பதே தனிச் சோதனை. மூச்சு வழியாகக் கொடுத்துப் பார்த்த டிபிஐ ஏஎஸ்எம்8 என்ற மருந்து ஒரே ஏற்பியை நம்பவில்லை: சிசிஆர்3 என்ற ஏற்பியை ஓர் ஒலிகோவும், ஐஎல்-3, ஐஎல்-5, ஜிஎம்-சிஎஸ்எஃப் ஏற்பிகளுக்குப் பொதுவான பீட்டா சங்கிலியை இன்னோர் ஒலிகோவும் தாக்குமாறு சேர்த்துக் கொடுத்தது. சிசிஎல்26 போய்த் தட்டுவதும் அதே சிசிஆர்3 கதவைத்தான். 'ஆ'வோடு துணைக்கு ஒன்றைச் சேர்ப்பதாக இருந்தால், தேடலை ஐஎல்-13 ஆர் ஆல்பா1இல் தொடங்கலாம்.